கீழோரத்தில் ஒரு பெயர்

இரண்டாம் எண் இயந்திரத்தின் கதவைத் திறந்ததும் நாய் வாடை முகத்தில் அடித்தது. குன்வோர் கையை உள்ளே விட்டுத் துழாவினாள். ரப்பர் விளிம்பின் மடிப்பில் பழுப்பு மயிர் கற்றை கற்றையாக ஒட்டியிருந்தது. உலர்த்தும் இயந்திரத்தின் வடிகட்டியை இழுத்துப் பார்த்தாள். அதிலும் ஒரு விரல் கனத்துக்குப் பஞ்சும் மயிரும் சேர்ந்து கிடந்தன. யார் வேலை என்று கண்டுபிடிக்கப் பெரிய மூளை எதுவும் தேவையில்லை. பதினாறு வீடுகள் உள்ள அந்தக் கட்டடத்தில் பழுப்பு நிற நாய் ஒன்றுதான், அது மூன்றாம் மாடி பெர்னிலாவுடையது. குன்வோரின் வலது கை, அவளைக் கேட்காமலே, கம்பளிச் சட்டையின் பைக்குள் போனது. பையில் பேனா இல்லை. ஆறு மாதமாகவே இல்லை. கைக்குத்தான் அது இன்னும் உறைக்கவில்லை. அன்று நூற்று எண்பத்திரண்டாவது நாள். இன்னும் ஏழு நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டால் போதும். அவள் மயிரை விரலால் வழித்துக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டுத் தன் படுக்கை விரிப்புகளை உள்ளே திணித்தாள்.

பூரோஸ் நகரத்தில் அந்தக் கட்டடத்தின் தரைக்குக் கீழே இருந்தது பொதுச் சலவையறை. வாசலில் நேரப் பலகை. எந்த நாள் எந்த நேரம் வேண்டுமோ அந்தக் கட்டத்தில் வீட்டு எண் பொறித்த குட்டிப் பூட்டை மாட்டிவிட வேண்டும். ஞாயிறு காலை ஒன்பது முதல் பன்னிரண்டு வரை இருபத்திரண்டு வருஷமாகக் குன்வோருடையது. பலகைக்குப் பக்கத்துச் சுவர் தாள் ஒட்டுவதற்கு. சோப்புத்தூளைச் சிந்தினால் துடை, நேரம் முடிந்தால் கிளம்பு, என் சாம்பல் நிறக் காலுறை ஒன்றைக் காணோம் என்று ஆளாளுக்கு ஒட்டுவார்கள். முகத்துக்கு நேரே ஒரு வார்த்தை சொல்ல அங்கே எவருக்கும் வாய் வராது. தாளில் மட்டும் சிங்கங்கள். அந்தச் சிங்கங்களும் பெயர் போடாத சிங்கங்கள். குன்வோர் மட்டும்தான் கட்டம் போட்ட தாளில் நீல மையில் கொட்டை எழுத்தில் எழுதி, வலது கீழோரத்தில் 'குன்வோர் லிண்டால், வீட்டு எண் 4' என்று முழுப் பெயரையும் போடுவாள். மற்ற எதற்காக அவளைத் திட்டினாலும் திட்டலாம், ஒளிந்துகொண்டு கல் எறிந்தாள் என்று யாரும் சொல்ல முடியாது. அது ஒன்றில் அவளுக்குத் தலைக்கனம் உண்டு.

தாள் சலவையறையில் மட்டும் இருந்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேசையில் முப்பது வருஷம் உட்கார்ந்திருந்தவள் அவள். ஊரார் வாயெல்லாம் திறந்து கிடப்பதைப் பார்த்துப் பார்த்தே தன் வாயை மூடிக்கொண்டாளோ என்னவோ, வீட்டிலும் எல்லாம் தாள்தான். குளிர்பெட்டியில் தாள், குளியலறைக் கண்ணாடியில் தாள், மகள் இல்வாவின் சாப்பாட்டு டப்பாவுக்குள்ளும் தாள். 'இன்றும் கேரட்டைத் திருப்பிக் கொண்டுவந்தால் நாளை டப்பா கிடையாது. குன்வோர் லிண்டால், அம்மா.' ஏழு வயதுப் பிள்ளைக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவள். அதைப் பள்ளிக்கூடத்தில், இல்வாவோடு ஒரே வகுப்பில் படித்த இதே பெர்னிலா பிடுங்கி வகுப்பு முழுவதும் வாசித்துக் காட்டினாள். இல்வா பத்தொன்பது வயதில் கோத்தன்பர்க்குக்குப் போனாள். ஒரு மணி நேர பஸ் தூரம்தான், ஆனால் வருஷத்துக்கு இரண்டு முறைக்கு மேல் வந்ததில்லை.

கடைசியாக வந்தது மே மாதம் அன்னையர் நாளன்று, கையில் ஒரு கேக்கோடு. அந்த வாரம்தான் இரண்டாம் மாடி மய்கெனின் புருஷனை அடக்கம் செய்திருந்தார்கள். மய்கென் உலர்த்தும் அலமாரியில் துணியைப் போட்டுவிட்டு இரண்டு நாள் மறந்துபோனாள். குன்வோர் தாள் ஒட்டினாள். 'துக்க வீடாக இருந்தாலும் அலமாரி பொதுச் சொத்து. இது மாட்டுத்தொழுவம் அல்ல, பதினாறு குடும்பங்கள் துணி துவைக்கும் இடம்.' துணி எடுக்க உதவலாம் என்று அம்மாவோடு கீழே வந்த இல்வா அதை வாசித்தாள். அதே நேரத்தில் மய்கெனும் வந்தாள். தாளை வாசித்தாள். அலமாரியிலிருந்து ஆண்பிள்ளைச் சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, யாரோ இனிமேல் போட்டுக்கொள்ளப் போவதுபோல நிதானமாக மடித்துக் கூடையில் வைத்தாள். குன்வோருக்கு அப்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. மன்னிச்சுக்க மய்கென் என்று இரண்டு சொல், அதைச் சொல்லத் தெரியவில்லை. மேலே போய் ஒரு தாளில் எழுதி அவள் கதவில் செருகலாமா என்றுதான் யோசித்தாள்.

"ஆறு மாசம்," என்று இல்வா மாடிப்படியிலேயே நின்று சொன்னாள். "கிறிஸ்துமஸுக்கு விளக்கு வைக்க ஆரம்பிக்கிற அட்வென்ட் முதல் ஞாயிறு வரைக்கும். அது வரைக்கும் ஒரு தாள்கூட ஒட்டாம இரு. இருந்தா வர்றேன். இல்லாட்டி இனிமே இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன். தெரியாம போயிடும்னு நினைக்காத, பெர்னிலா எனக்குச் சொல்லுவா."

கேக் வெட்டாமலே இருந்தது. குன்வோர் மறுநாள் அதைத் தனியாகத் தின்றாள்.

பேனாவையும் பசைநாடாவையும் துணி அலமாரியின் உச்சித் தட்டில், கோடைக்காலத் தொப்பிகளுக்கு அடியில் போட்டாள். அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தவள்தான். ஆனால் தாள் நின்றதே தவிர எழுதுவது நிற்கவில்லை. படி ஏறும்போது, உருளைக்கிழங்கு உரிக்கும்போது, பல் விளக்கும்போதெல்லாம் மண்டைக்குள் கொட்டை எழுத்து ஓடிக்கொண்டேயிருந்தது. அதற்குப் பதில் வாயால் நல்லதாக நாலு வார்த்தை பேசிப் பழகலாம் என்று பார்த்தால், கட்டடம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. படிக்கட்டில் காலை வணக்கம் சொன்னால் சந்தேகமாகப் பார்த்தார்கள். ஒருமுறை மய்கெனிடம் முட்டைக்கோசு மலிவாகக் கிடைக்கிறது என்று சொன்னாள். மய்கென் குனிந்து தன் காலணியைப் பார்த்தாள், வராந்தாவில் சேறு பண்ணிவிட்டோமோ என்று. பெர்னிலா நேரடியாகவே கேட்டாள், "என்ன குன்வோர், உடம்பு கிடம்பு சரியில்லையா? சுவரு மொட்டையா இருக்கே." எவரும் அவளை மன்னிக்கக் காத்திருக்கவில்லை. அவள் எப்போது வழுக்குவாள் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தார்கள். பதிலுக்கு அவளும் அவர்களை ஒருவர் விடாமல் வெறுத்தாள். வெறுத்துக்கொண்டே வடிகட்டிகளைச் சுத்தம் செய்தாள்.

அன்று மத்தியானம், நாய் வாடை இன்னும் மூக்கைவிட்டுப் போகாதிருக்கும்போது, பொர்யே வந்து கதவைத் தட்டினான். குடியிருப்போர் சங்கத்தின் தலைவன். யாரோடும் மனஸ்தாபம் இல்லாதவன் என்று பெயர் வாங்கியவன். அப்படிப் பெயர் வாங்கியது எப்படி என்பது இனி தெரியும். கையில் பேக்கரிப் பையில் குங்குமப்பூ பன் நாலு. பதினைந்து வருஷத்தில் அவன் அவள் வீட்டுக்குள் வந்தது அதுவே முதல் முறை. காபியை உறிஞ்சிக்கொண்டே கிறிஸ்துமஸுக்காக ஜன்னலில் வைத்திருந்த ஏழு விளக்கு மின்சாரத் தண்டைப் பாராட்டினான்.

"கீழ ரெண்டாம் நம்பர் மிஷினு நாறுதுன்னு மூணு பேரு புகார் சொல்லிட்டாங்க," என்றான் கடைசியில்.

"அவங்ககிட்டயே சொல்லச் சொல்லுங்க. பெர்னிலா வீட்டுக் கதவு எல்லாருக்கும் தெரியும்."

"அப்படி எப்படிங்க சொல்றது? சங்கடமில்லையா? பெர்னிலா வேற சங்கத்துல பொருளாளர்." பொர்யே பன்னைப் பிய்த்தான். "நாங்க பேசிக்கிட்டோம். நீங்க முன்ன மாதிரி ஒண்ணு எழுதிப் போட்டீங்கன்னா..."

குன்வோருக்குச் சட்டென்று பிடிபடவில்லை. "நானா?"

"உங்களுக்கு அது கைவந்த கலைதானே. உங்க தாளு இருந்த வரைக்கும் வடிகட்டி சுத்தமா இருந்துச்சு, அதையும் சொல்லணும்ல? இப்ப எல்லாம் கெட்டுப் போச்சு. நீங்க எழுதினா யாரும் பெருசா எடுத்துக்க மாட்டாங்க, குன்வோர்தானேன்னு விட்ருவாங்க."

இத்தனை வருஷம் சங்கக் கூட்டத்தில் அவள் பெயரைச் சொல்லி உச்சுக் கொட்டியவர்கள், அவள் தாள்களை ஒன்று விடாமல் புகார் கோப்பில் சேர்த்து வைத்தவர்கள், இப்போது பன் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் வேண்டியிருந்த கோபத்தை அவள் ஒருத்தி சம்பளமில்லாமல் பட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். பைக்குள் கை போவதை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டாள்.

"நான் விட்டுட்டேன் பொர்யே. அடுத்த ஞாயித்துக்கிழமை என் மக வர்றா," என்றாள். சொல்லும்போது குரல் கொஞ்சம் பெருமையாகவே வந்தது.

"ஓ, நல்லது நல்லது," என்று அவன் எழுந்தான். மிச்சமிருந்த இரண்டு பன்னையும் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனான்.

செவ்வாய்க்கிழமை காலை சுவரில் தாள் இருந்தது. கட்டம் போட்ட தாள், நீல மை, கொட்டை எழுத்து. 'பெர்னிலாவின் நாய்க்குத் தனி இயந்திரம் வாங்கித் தரட்டும். இது மாட்டுத்தொழுவம் அல்ல, பதினாறு குடும்பங்கள் துணி துவைக்கும் இடம்.' காலியான சோப்பு டப்பாவைப் போட வந்த குன்வோர் அதைப் பார்த்து, ஒரு கணம் தானே தூக்கத்தில் எழுந்து வந்து எழுதிவிட்டோமோ என்றுகூட நினைத்தாள். வலது கீழோரம் வெறுமையாக இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. கிழித்துப் போடக் கை நீட்டியவள் நிறுத்திக்கொண்டாள். கிழித்தால், ஒட்டியவளே பயந்து கிழித்தாள் என்பார்கள்.

மாலை ஆறு மணிக்கு இல்வா கூப்பிட்டாள்.

"பெர்னிலா படம் அனுப்பியிருக்கா," என்றாள். குரலில் கோபம்கூட இல்லை, களைப்புதான் இருந்தது. "அஞ்சு நாளு. இன்னும் அஞ்சு நாளு உன்னால இருக்க முடியல."

"நான் எழுதல."

"மாட்டுத்தொழுவம்னு இருக்கும்மா. வேற யாரு அப்படி எழுதுவா?"

"நான் எழுதல இல்வா."

"உன் தாளு எப்படி இருக்கும்னு எனக்கா தெரியாது? பதினொரு வருஷம் டப்பாவத் திறந்து திறந்து பாத்தவ நான்."

தெரியுமென்றால் கீழே பார், என்று குன்வோரின் மண்டைக்குள் கொட்டை எழுத்தில் ஓடியது. கீழோரத்தைப் பார். உன் அம்மா என்றைக்காவது பெயர் போடாமல் உனக்கு ஒன்று எழுதியிருக்கிறாளா? ஒரே ஒரு வாக்கியம் வாயைத் திறந்து சொன்னால் போதும். ஆனால் அவளுக்குள் பிடிவாதம் வந்து குறுக்கே உட்கார்ந்துகொண்டது. பெற்ற மகளிடம் அத்தாட்சி காட்டிக் கெஞ்ச வேண்டுமா? பார்க்கத் தெரிந்தவள் தானே பார்க்கட்டும். அவள் பேசாமலிருந்தாள். அந்தப் பேசாமையை இல்வா ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டாள்.

"சரி, ஞாயித்துக்கிழமைக்கு எனக்காக எதுவும் பண்ணாத," என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் குன்வோர் பொர்யேயின் கதவை அடித்தாள். தட்டியதாகச் சொல்ல முடியாது. அவன் அரைக் கதவைத் திறந்துகொண்டு நின்றான். வெறும் காலுறையோடு இருந்தான்.

"நீங்கதானே?"

அவன் மறுக்கவில்லை. மறுப்பதற்கும் கொஞ்சம் தைரியம் வேண்டுமே. "யாராவது எழுதணும்ல, குன்வோர்."

"என் எழுத்து மாதிரி ஏன் எழுதினீங்க?"

"கோப்புல ஒண்ணு இருந்துச்சு, அதப் பாத்து எழுதினேன். அந்த மாதிரி எழுத எனக்கு வேற தெரியாது." உள்ளே யாரும் கேட்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டான். "நான் உங்க பேர போட்டேனா? பேரே போடலியே. மத்தவங்க என்ன நினைச்சுக்கிறாங்களோ அதுக்கு நானா பொறுப்பு?"

"என் மக வரமாட்டேங்கிறா. ஒரு போன் போட்டு நான்தான் எழுதினேன்னு அவகிட்ட சொல்லுங்க. அது போதும்."

"அவகிட்ட சொன்னா பெர்னிலாவுக்குப் போயிடும். ஜனவரியில சங்கத் தேர்தல் வருது." நிஜமாகவே வருத்தப்படுகிறவன் போல முகத்தை வைத்துக்கொண்டான். "நீங்க எவ்வளவோ எழுதியிருக்கீங்க. நூறோட நூத்தி ஒண்ணு. உங்களுக்கு என்ன புதுசா கெட்ட பேரு வந்துடப்போவுது?"

கதவு மெதுவாக, மரியாதையாகச் சாத்திக்கொண்டது.

ஞாயிறு வந்தது. எதிர் கட்டடத்து ஜன்னல்களிலெல்லாம் காகித நட்சத்திரங்கள் எரிந்தன. குன்வோர் தன் ஏழு விளக்குத் தண்டின் ஒயரைச் செருகாமல் விட்டாள். ஒன்பது மணிக்குத் துணிக் கூடையோடு கீழே இறங்கினாள். கூடையின் அடியில், துவாலைகளுக்குக் கீழே, பேனாவும் நாடாவும் கட்டம் போட்ட தாளும் இருந்தன. ராத்திரி முழுக்க மனசுக்குள் எழுதித் திருத்தி வைத்திருந்தாள். 'மேலே உள்ளதை எழுதியவர் பொர்யே ரீடெல், வீட்டு எண் 11.' இயந்திரத்தை ஓடவிட்டுவிட்டு மடிக்கும் மேசையில் தாளை விரித்தாள். பேனா மூடியைத் திறந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. தாள் ஒட்டவில்லை என்று நிரூபிக்க ஒரு தாள் ஒட்ட வேண்டும். ஒட்டிய நிமிஷமே நூற்று எண்பத்தொன்பது நாளும் போச்சு. அவளுக்குச் சிரிப்பு வந்தது, அது வெளியே வரும்போது இருமலாக வந்தது. தாளை நாலாக மடித்துப் பைக்குள் போட்டாள். யார் நம்பினாலும் நம்பாவிட்டாலும் நான் ஒட்டவில்லை என்று எனக்குத் தெரியும், அது போதாதா என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரம் அது போதும் போலத்தான் இருந்தது.

அப்போதுதான் பெர்னிலா வந்தாள். அது அவளுடைய நேரமே இல்லை. கக்கத்தில் நாய்க் கம்பளம், வேண்டுமென்றேதான் கொண்டுவந்திருக்கிறாள். குன்வோரின் கையில் பேனாவைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"அடுத்ததா? எழுதுங்க எழுதுங்க, நான் தொந்தரவு பண்ணல." காலியாக இருந்த இயந்திரத்துக்குள் கம்பளத்தைத் திணித்துக்கொண்டே பேசினாள். "இல்வா பாவம். பஸ்ஸுக்கு டிக்கெட்டே எடுத்து வச்சிருந்தாளாம். ஆனா ஒண்ணு குன்வோர், முன்னெல்லாம் என்னதான் எழுதினாலும் கீழ பேரு போடுவீங்க. கிழவிக்குத் திமிரு இருந்தாலும் துணிச்சல் இருக்குன்னு நானே சொல்லியிருக்கேன். இப்ப அதுவும் போயிடுச்சு பாருங்க. ஒளிஞ்சு நின்னு எழுத ஆரம்பிச்சிட்டீங்க."

குன்வோர் வாயைத் திறந்தாள். நான் இல்லை, பொர்யே. மூன்றே சொல். அறுபத்தாறு வருஷத்தில் ஒரு முகத்தைப் பார்த்துச் சண்டை போட்டுப் பழகாத வாய், திறந்தபடியே நின்றது. இவர்கள் என்னை என்ன செய்தாலும் பழையவளாகத்தான் வைத்துக்கொள்ளப் போகிறார்கள். சரி. அப்படியானால் அவளாகவே இருந்துவிட்டுப் போகிறேன், ஆனால் கோழையாக மட்டும் இருக்க மாட்டேன். இரண்டு எட்டில் சுவருக்குப் போனாள். பொர்யேயின் தாளை இடது கையால் அழுத்திக்கொண்டு, வலது கீழோரத்தில், நீல மையில், முழுதாகப் போட்டாள். குன்வோர் லிண்டால், வீட்டு எண் 4. போடும்போது ஆறு மாதமாக இறுகிக் கிடந்த தோள்பட்டை தளர்ந்தது. பேனாவை மேசைமேல் எறிந்தபோது அந்தச் சுகத்தை அவளால் மறைக்க முடியவில்லை.

"அடேயப்பா," என்றாள் பெர்னிலா. இயந்திரத்தின் பொத்தானை அழுத்திவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டே படியேறிப் போனாள். கதவு முழுசாக மூடவில்லை. படிக்கட்டில் அவள் யாரிடமோ, "அட, நீயா? கீழதான் இருக்காங்க," என்று சொல்வது கேட்டது.

பிறகு வேறு காலடிச் சத்தம் இறங்கி வந்தது. குன்வோருக்கு அந்தக் காலடி தெரியும். இரண்டாவது படியில் எப்போதும் கொஞ்சம் தடுக்கும்.

இல்வா வாசலில் நின்றாள். மேல்கோட்டில் பனித்தூள் கரைந்துகொண்டிருந்தது. ஒரு கையில் காகிதம் சுற்றிய ஹயசின்த் பூந்தொட்டி, இன்னொரு கையில் கைபேசி. பஸ்ஸில் அழுதிருப்பாள் போலிருந்தது, மூக்கு சிவந்திருந்தது.

"மணியடிச்சேன், திறக்கல. ஞாயித்துக்கிழமை ஒன்பது மணிக்கு நீ வேற எங்க இருப்பன்னு நினைச்சேன்," என்றாள். பேச்சு அவசர அவசரமாக வந்தது. "அம்மா, நேத்து அந்தப் படத்த மறுபடி எடுத்துப் பாத்தேன். பெருசாக்கிப் பாத்தேன். கீழ பேரே இல்ல. எனக்கு எப்படி அன்னிக்கே தோணாம போச்சு? கேரட்டுக்கே பேரு போட்டவ நீ. நீ எழுதியிருந்தா பேரு போடாம இருந்திருக்கவே மாட்ட."

குன்வோர் திரும்பவில்லை. அவளுடைய வலது உள்ளங்கை தாளின் கீழோரத்தின் மேல் எப்போது போனது என்று அவளுக்கே தெரியாது. மை ஈரமாக இருந்தது, கையில் குளிர்ச்சியாகப் பட்டது.

"நேர்ல பாக்கணும்னு வந்தேன். போன்ல நான் பேசினதுக்கு..." இல்வா தொட்டியை மடிக்கும் மேசையில் வைத்தாள். பக்கத்தில் மூடி திறந்த பேனா கிடந்தது. அவள் பார்வை அதன்மேல் போயிற்று, பிறகு சுவருக்கு வந்தது, அம்மாவின் கைக்கு வந்தது.

"கைய எடும்மா," என்றாள்.

இரண்டாம் எண் இயந்திரம் பிழிகிற வேகத்துக்கு மாறி அறையே அதிர்ந்தது. அதன் வட்டக் கண்ணாடிக்குள் குன்வோரின் வெள்ளைத் துவாலைகள் சுற்றின. மேசைமேல் தொட்டியைச் சுற்றியிருந்த காகிதம் நடுங்கியது. சுவரில் விரித்து அழுத்திய கையின் சுண்டுவிரலுக்குக் கீழிருந்து ஒரு நீலக் கோடு மெல்லக் கசிந்து தாளின் விளிம்புவரை வந்து நின்றது.